ஜாக் லண்டன்: ஒரு குளிர்காலமும் ஐம்பது புத்தகங்களும்

பனிச்சுவடு:

பெரியசாமித் தூரன் தமிழாக்கிய ‘கானகத்தின் குரல்’ நூலைப் பள்ளி நாட்களில் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நான் அதைப் பன்னிரண்டு வயதில் படித்தேன். நாய் ஒன்று ஓநாயாகிப் போகும் கதை என்பதற்கு மேல் அப்போது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அண்மையில் அதை மறுபடியும் எடுத்துப் படித்தபோது, இதை எழுதிய மனிதர் அந்தப் பனி நாட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருப்பார் என்று தேடிப் பார்க்கத் தோன்றியது. கிடைத்த விடையை இன்னும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

அந்நூலை எழுதிய அமெரிக்கரான ஜாக் லண்டன், கனடாவின் யூக்கான் பகுதிக்குப் பொன் தேடிப் போக, 1897 ஜூலை 25 அன்று, அக்காள் கணவர் ஷெப்பர்டுடன் சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறினார். ஆகஸ்டில் அலாஸ்காக் கரையில் இறங்கி, சில்கூட் கணவாயைத் தாண்டி, யூக்கான் ஆற்றின் வழியே ஸ்டூவர்ட் ஆறு வந்து சேரும் இடத்தை அடைந்தார். ஓராண்டுக்குப் போதுமான உணவில்லாதவர்களைக் கனடாக் காவல்படை எல்லைக்குள் விடவில்லை. ஆகவே ஏறத்தாழ ஒரு டன் மூட்டைமுடிச்சுகளைச் சிறு சிறு சுமைகளாகப் பிரித்து, அதே மலையில் திரும்பத் திரும்ப ஏறி இறங்க வேண்டியிருந்தது. வயதான ஷெப்பர்டு கணவாயை எட்டும் முன்பே ஊர் திரும்பிவிட்டார். இளைஞர் சென்றார். ஹென்டர்சன் ஓடையில் ஒரு நிலத்தைத் தன் பெயரில் பதிந்துகொண்டு, குளிர்காலம் முழுவதையும் ஒரு மரக்குடிசையில் கழித்தார். பச்சைக் காய்கறி இல்லாததால் ஸ்கர்வி நோய் பற்றி, ஈறுகள் வீங்கிப் பற்கள் ஆடத் தொடங்கின. 1898 கோடையில் படகேறி யூக்கான் ஆற்றோடு கடல்வரை வந்து வீடு திரும்பினார். கொண்டு வந்த பொன்துகளின் மதிப்பு நாலரை டாலர் என்று சொல்லப்படுகிறது.

மொத்தத்தில் ஓராண்டு கூட இல்லை. அதிலும் பெரும்பகுதி குடிசைக்குள் முடங்கிக் கிடந்த காலம். ஆனால் அந்த ஒரே குளிர்காலத்திலிருந்து ‘கானகத்தின் குரல்’, ‘வெண்பல்’, ‘எரியும் பகல்’ என்ற நாவல்களும் எத்தனையோ சிறுகதைகளும் பிறந்திருக்கின்றன. ‘அனுபவத்திலிருந்து எழுதியவர்’ என்று அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் வாசகம் எனக்கு இப்போது உறுத்துகிறது. இவ்வளவு குறைந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு எழுத முடியுமானால், அவரை எழுத்தாளராக்கியது வேறு ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அது எது என்பதே என் கேள்வி.

உப்பளம்:

கேள்வியை எழுப்பியதற்கு நன்றி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை எழுதவைத்தது பனியன்று, கூலி. யூக்கானுக்குப் போவதற்கு முன்பிருந்த ஏழெட்டு ஆண்டுகளைப் பார்க்காமல் அவருடைய பனிக்கதைகளைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

அவர் பிறந்தது 1876 ஜனவரி 12, சான் பிரான்சிஸ்கோவில். தாய் ஃப்ளோரா வெல்மன். தந்தை என்று கருதப்படும் வில்லியம் சேனி ஊர் ஊராகத் திரிந்த சோதிடர். பின்னாளில் மகன் கடிதம் எழுதிக் கேட்டபோதும், தான் தந்தையாக இருக்க வாய்ப்பில்லை என்றே மறுமொழி எழுதினார். ‘லண்டன்’ என்ற பெயர் மாற்றாந்தந்தை வழி வந்தது. குழந்தையைப் பாலூட்டி வளர்த்தவர் வர்ஜீனியா பிரென்டிஸ் என்ற, அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கருப்பினப் பெண்மணி. இவரை மறந்துவிடாதீர்கள், கொஞ்சம் கழித்து இவர் தேவைப்படுவார்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஓக்லந்தில் டப்பாக்களில் உணவு அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மணிக்குப் பத்து சென்ட் கூலி. பத்து மணி நேரத்துக்குக் குறையாத வேலை, சில நாட்களில் பதினெட்டு மணி நேரத்தையும் தாண்டியது என்று அவரே ‘ஜான் பார்லிகார்ன்’ என்ற தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அதிலிருந்து தப்ப வர்ஜீனியா பிரென்டிஸிடம் முந்நூறு டாலர் கடன் வாங்கி ஒரு சிறு பாய்மரப் படகை வாங்கினார். அதை வைத்து, வளைகுடாவில் தனியாருக்குச் சொந்தமான சிப்பிப் படுகைகளில் இரவில் திருடினார். பிறகு திருடர்களைப் பிடிக்கும் மீன்வள ரோந்துப் படையிலேயே சேர்ந்துகொண்டார் (நம் ஊர்க் கதை போலவே இருக்கிறது). 1893-இல் கடல்நாய் வேட்டைக் கப்பலில் ஜப்பான் கரைவரை போய் வந்தார். திரும்பியதும் சணல் ஆலையில் மறுபடியும் அதே பத்து சென்ட் கூலி.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். மின்சார டிராம் கம்பெனி ஒன்றின் கொதிகலன் கூடத்தில் கரி அள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் முப்பது டாலர். கீழிருந்து உழைத்து மேலே வரலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். தலைக்கு நாற்பது டாலர் வாங்கிய இரண்டு ஆட்களை நீக்கிவிட்டு, இருவர் வேலைக்கும் சேர்த்துத் தன்னை வைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டார். வேலை இழந்த இருவரில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார் என்றும் அவர் எழுதியிருக்கிறார். வேலையை விட்டார். 1894-இல் வேலையற்றோர் வாஷிங்டனை நோக்கி நடத்திய பெரும் பயணத்தோடு சேர்ந்துகொண்டு, நடுவழியில் மிசூரி மாநிலத்து ஹானிபலில் பிரிந்து தனியே நாடோடியாக அலைந்தார். நயாகரா அருவி ஊரில், தங்க இடமின்றித் திரிந்த குற்றத்துக்காகப் பிடித்து, ஓர் ஆளுக்குப் பதினைந்து வினாடி என்ற கணக்கில் விசாரித்து, முப்பது நாள் சிறைக்கு அனுப்பினார்கள். எரி கவுண்டிச் சிறையில் கண்டவற்றில் எல்லாவற்றையும் அச்சில் சொல்ல முடியாது என்றே பின்னாளில் எழுதினார்.

இந்த மனிதர் பதினெட்டு வயதில் எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான்: இனி உடம்பை விற்றுப் பிழைக்கக் கூடாது, மூளையை விற்றுப் பிழைக்க வேண்டும். இப்போது ‘கானகத்தின் குரல்’ நாவலைத் திருப்பிப் பாருங்கள். கலிபோர்னியாவில் ஒரு நீதிபதியின் வீட்டில் சுகமாக வாழ்ந்த பக் என்ற நாயை, சூதாட்டத்தில் மூழ்கிய தோட்ட உதவியாள் ஒருவன் திருடி விற்கிறான். சிவப்பு ஸ்வெட்டர் அணிந்த ஒருவன் தடியால் அடித்து அடித்து அதற்குப் ‘பணிவு’ கற்பிக்கிறான். பிறகு வார்ப்பட்டையில் பூட்டுகிறார்கள். அதே வண்டியில் இழுக்கும் டேவ் என்ற நாய் நோயில் நடக்கவே முடியாத நிலையிலும் தன் இடத்தை இன்னொரு நாய்க்கு விட்டுக்கொடுக்காமல், பட்டையைக் கடித்து அறுத்துவிட்டுத் தன் இடத்தில் நின்று, என்னையே பூட்டுங்கள் என்று கெஞ்சுகிற பகுதியை நாய்க்கதையாக என்னால் படிக்க முடியவில்லை. வேலையே உயிராகிப்போன ஒரு தொழிலாளியின் கதை அது. கொதிகலன் கூடத்தில் கரி அள்ளியவருக்குத்தான் அது தெரியும். பனி அதற்கு ஒரு மேடை, அவ்வளவே.

ஏட்டகம்:

உப்பளம் அவர்களின் பதிவு சிறப்பு. ஆனால் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன கூலிக் கணக்கு, பதினைந்து வினாடி விசாரணை, கரிக்கூடத்துத் தற்கொலை ஆகிய அனைத்துக்கும் சாட்சி ஒருவரே. அவர் ஜாக் லண்டன். தன் வாழ்வையே தன் மிகச் சிறந்த விற்பனைப் பொருளாக ஆக்கிக்கொண்டவர் அவர். பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. ஒரு தேர்ந்த கதைசொல்லி தன்னைப் பற்றிச் சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் நம்ப வேண்டும் என்கிறேன்.

மூலக்கேள்விக்கு என் விடை: நூலகம். பத்து வயதுச் சிறுவனாக ஓக்லந்து பொது நூலகத்துக்குள் நுழைந்தபோது, அங்கே நூலகராக இருந்த கவிஞர் ஐனா கூல்பிரித் அவருக்குப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்து வழிகாட்டினார். கலிபோர்னியாவின் முதல் அரசவைக் கவிஞராகப் பின்னாளில் அறிவிக்கப்பட்டவர் இவரே. பத்தொன்பது வயதில் சிறு பிள்ளைகளோடு உயர்நிலைப்பள்ளியில் உட்கார்ந்து படித்து, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1896-இல் சேர்ந்து, பணமின்மையால் சில மாதங்களிலேயே வெளியேறியவர் லண்டன். கணவாயைத் தாண்டிய அந்த ஒரு டன் சுமைக்குள் டார்வினும் மில்ட்டனும் இருந்தார்கள். குளிர்காலக் குடிசையில் பொன் கிடைக்கவில்லை; படிக்க நேரம் கிடைத்தது, சுற்றிலும் இருந்த பழைய ஆட்களின் கதைகளைக் கேட்க நேரம் கிடைத்தது.

‘அனுபவம்’ என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி கேட்டதும் படித்ததும்தான் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

யூக்கானின் டாசன் நகரில் பாண்ட் சகோதரர்கள் இருவரின் குடிசைக்கு அருகே அவர் சில வாரங்கள் தங்கியிருந்தார். அவர்களிடம் ஒரு பெரிய நாய் இருந்தது. அதன் பெயரும் ஜாக்தான். பக் என்ற நாய்க்கு அதுவே மாதிரி. அவர்களுடைய தந்தை சான்டா கிளாராவில் பண்ணை வைத்திருந்த நீதிபதி. நாவலின் முதல் அத்தியாயத்து வீடு அதுவே.

இரண்டாவது, சற்றுக் கசப்பானது. வட கனடாவில் பணியாற்றிய பாதிரியார் எகர்ட்டன் யங் என்பவர் தம்முடைய வண்டி நாய்களைப் பற்றி 1902-இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அதிலிருந்து எடுத்தாண்டதாக லண்டன் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அவர் அதை மறைக்கவில்லை. அந்த நூலைப் பயன்படுத்தியது உண்மை என்றும், அதற்கு நன்றி தெரிவித்து யங்குக்குக் கடிதமும் எழுதியதாகவும் பதில் சொன்னார். செய்திக் குறிப்புகளையும் பயண நூல்களையும் கதையாக்குவது குற்றமில்லை என்பது அவர் கொள்கை.

மூன்றாவது, கதைக்கருக்களைக் காசு கொடுத்தே வாங்கினார். 1910 வாக்கில் அவருக்குக் கதைச் சுருக்கங்களை விற்ற இளைஞர் வேறு யாருமில்லை, பிற்காலத்தில் இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கரான சிங்க்ளேர் லூயிஸ். அப்படி வாங்கிய கருவில் தொடங்கிய நாவல் ஒன்றை லண்டன் முடிக்காமலே போட்டுவிட்டார். வேறொருவர் எழுதி முடித்து 1963-இல்தான் அது வெளிவந்தது.

பனிச்சுவடு:

இருவருக்கும் நன்றி. ஏட்டகம் ஐயா சொன்ன குடிசையைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றைச் சேர்க்கிறேன். ஹென்டர்சன் ஓடைப் பக்கத்து மரக்குடிசை ஒன்றின் சுவர்க்கட்டையில், ‘ஜாக் லண்டன், சுரங்கக்காரன், எழுத்தாளன், ஜனவரி 27, 1898’ என்று பென்சிலால் எழுதியிருந்ததைப் பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். அன்று அவருக்கு வயது 22. சுரங்கத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. எழுத்து என்று பார்த்தால், ஜப்பான் கரையில் கண்ட புயலைப் பற்றி எழுதி நாளிதழ்ப் போட்டியில் வாங்கிய இருபத்தைந்து டாலர் பரிசும், பள்ளி இதழில் வந்த சில துண்டுகளும்தான் கையிருப்பு. இரண்டு தொழிலையும் அவர் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். பிறகு அந்தக் குடிசையின் கட்டைகளைப் பிரித்து இரண்டு குடிசைகளாகக் கட்டி, ஒன்றை டாசனிலும் மற்றொன்றை ஓக்லந்திலும் நிறுத்திவிட்டார்கள். எது அசல் என்றால் இரண்டுமே பாதி அசல்.

உப்பளம் அவர்களின் வாதத்துக்கு வலுச் சேர்க்கும் கணக்கும் உண்டு. திரும்பி வந்தவர் அஞ்சல் துறைத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் பெற்றார். வேலைக்கு அழைப்பும் வந்தது. அதற்குள் கதை விற்கத் தொடங்கியிருந்ததால் போகவில்லை. ‘ஓவர்லேண்ட் மன்த்லி’ இதழ் 1899 ஜனவரியில் வெளியிட்ட கதைக்கு ஐந்து டாலர். அதைக் கேட்டு மனம் உடைந்திருந்த வேளையில் ‘பிளாக் கேட்’ இதழ் வேறொரு கதைக்கு நாற்பது டாலர் தந்தது. 1903-இல் ‘கானகத்தின் குரல்’ தொடராக வர ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ 750 டாலர் தந்தது. நூல் உரிமையை மேக்மில்லன் பதிப்பகத்துக்கு 2,000 டாலருக்கு மொத்தமாக விற்றுவிட்டார். விற்ற பிரதிகள் பல லட்சம். அதன்பின் அந்த நூலுக்காக ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. நாளுக்கு ஆயிரம் சொல் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, கப்பலிலும் நோயிலும் அதை விடாமல் எழுதினார். இதைத்தான் நான் முதலில் ‘ஆர்வம்’ என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் அது ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து போகிற பழக்கம்.

ஆனாலும் உப்பளம் சொல்வதுபோல் பனி வெறும் மேடை என்று என்னால் விட்டுவிட முடியாது. ‘தீ மூட்டுதல்’ என்ற சிறுகதையை நினைத்துப் பாருங்கள். அதில் இரண்டு வடிவங்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. முதல் வடிவம் 1902-இல் சிறுவர்க்கான இதழில் வந்தது. அதில் நாயகனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு. கடுங்குளிரில் தனியே பயணம் செய்கிறான், கால் நனைகிறது, பெரும்பாடுபட்டுத் தீ மூட்டுகிறான், காயங்களோடு பிழைத்துக்கொள்கிறான், தனியே பயணம் செய்யக் கூடாது என்று பாடமும் படித்துக்கொள்கிறான். ஆறு ஆண்டு கழித்து, 1908-இல், ‘செஞ்சுரி’ இதழுக்காக அதை முற்றிலும் புதிதாக எழுதினார். இம்முறை மனிதனுக்குப் பெயர் இல்லை. அவனோடு ஒரு நாய் வருகிறது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 75 பாரன்ஹீட். நம் கணக்கில் ஏறத்தாழ மைனஸ் 59 செல்சியஸ். துப்பினால் எச்சில் தரையைத் தொடும் முன்பே காற்றில் உறைந்து வெடிக்கிறது. மனிதன் எல்லாவற்றையும் சரியாகவே செய்கிறான், ஒன்றைத் தவிர: சுள்ளி ஒடிக்க எளிது என்று பனி சுமந்த மரத்தடியில் தீ மூட்டுகிறான். ஒவ்வொரு சுள்ளியை இழுக்கும்போதும் மரம் சற்றே அதிர்கிறது. மேல்கிளைப் பனி கீழ்க்கிளையில் விழ, அது அடுத்த கிளையைக் குலுக்க, மொத்தமும் சரிந்து தீயை அணைத்துவிடுகிறது.

அதன்பிறகு விரல்கள் மரத்துப்போனவன் தீக்குச்சிக் கட்டு முழுவதையும் உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்திப் பற்றவைக்கிறான். சதை கருகும் வாடை வந்த பிறகே வலி தெரிகிறது. நாயைக் கொன்று அதன் வயிற்றுச் சூட்டில் கையை நுழைக்கலாம் என்று அதைக் கட்டிப் பிடிக்கிறான். கத்தியைப் பிடிக்க விரல்கள் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. நாய்க்குத் தெர்மாமீட்டர் தெரியாது. ஆனால் இந்தக் குளிரில் வெளியே வரக்கூடாது என்று அதற்குத் தெரிந்திருந்தது. மனிதனுக்கு எத்தனை டிகிரி என்று தெரிந்திருந்தது, அதற்கு என்ன பொருள் என்று தெரியவில்லை. இந்தக் கதையை நூலகத்தில் உட்கார்ந்து எழுத முடியாது, ஏட்டகம் ஐயா. கரிக்கூடத்திலிருந்தும் எழுத முடியாது, உப்பளம் அவர்களே. ஆனால் அந்தக் குளிரிலிருந்து வந்த பத்து ஆண்டுகளுக்குப் பிறகே, இரண்டாம் முயற்சியில்தான், அவருக்கும் எழுத முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீக்குச்சி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உழைப்பாளிகளின் எழுத்தாளர் என்று பாராட்டுகிறீர்களே, எந்த உழைப்பாளிகள்? 1904-இல் ரஷ்ய-ஜப்பான் போரை எழுதக் கொரியாவுக்குப் போனவர், அங்கிருந்து ‘மஞ்சள் அபாயம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதினார். 1910-இல் வெளியான ஒரு கதையில், சீனாவின் மக்கள்தொகை பெருகிவிட்டது என்பதற்காக மேலை நாடுகள் வான்கப்பல்களிலிருந்து நோய்க்கிருமிகளைத் தூவி அந்த நாட்டையே அழிக்கின்றன. கதை சொல்பவனுக்கு அதில் துளியும் வருத்தமில்லை. 1908 டிசம்பரில் சிட்னியில் கருப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன் உலகப் பட்டத்தை வென்றபோது, ஓய்வுபெற்ற வெள்ளை வீரர் ஜெஃப்ரிஸ் பண்ணையை விட்டு எழுந்து வந்து அந்தச் சிரிப்பை ஜான்சன் முகத்திலிருந்து துடைக்க வேண்டும் என்று நியூயார்க் நாளிதழில் எழுதியவரும் இவரே. இவரைப் பாலூட்டி வளர்த்ததும், முதல் படகு வாங்கக் கடன் கொடுத்ததும் யார் என்று உப்பளம் மேலே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்மணியை நினைத்துக்கொண்டே இந்த வரிகளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

உப்பளம்:

உண்மை. அதற்காகவே அந்தப் பெண்மணியை மறக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். நானே திரும்பி வராமல் விட்டது என் பிழை. ‘அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்’ என்ற சமாதானத்தை நான் சொல்ல மாட்டேன். லண்டன் சோசலிஸ்டுக் கட்சியில் இருந்தவர், ஓக்லந்து மேயர் பதவிக்கு அக்கட்சி சார்பில் இருமுறை நின்றவர். சமத்துவம் பற்றிக் கேள்விப்படாதவரல்லர்.

ஆனால் அதே பேனா எழுதிய வேறு இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ‘சீனாகோ’ என்ற 1909-ஆம் ஆண்டுக் கதையில், டஹிட்டித் தீவுத் தோட்டம் ஒன்றில் கூலியாக வந்த ஆ சோ என்ற சீன இளைஞன், ஒரு பிரெஞ்சு நீதிபதி ஆணையில் எழுதிய பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டதால் வேறொருவனுக்குப் பதில் தலைவெட்டும் கில்லட்டினுக்கு அனுப்பப்படுகிறான். ஆள் மாறிவிட்டது என்று வண்டியில் வரும் காவலருக்குத் தெரியும், தோட்ட மேலாளருக்கும் தெரியும். ஆனால் தொழிலாளர்கள் அனைவரையும் வேலை நிறுத்திக் கூட்டி வைத்தாயிற்று, இனித் திருப்பி அனுப்பினால் வேலை நேரம் வீண். அவ்வளவுதான். மற்றொன்று, ஹவாய்த் தீவுத் தொழுநோயாளி கூலாவின் கதை. தொழுநோயாளிகளை அடைத்துவைத்த மொலோகாய்த் தீவுக்கு நாடுகடத்த வந்த படையை எதிர்த்து மலையில் தனியே நின்றவன் அவன். நிலத்தைப் பறித்தவர்களே நோயையும் கொண்டுவந்தார்கள் என்று அவன் பேசும் பேச்சை எழுதியவர்தான் கிருமி தூவும் கதையையும் எழுதினார். கட்டுரையில் இனவெறியராக இருந்தவர், ஒரு தனி மனிதனின் உடம்புக்குள் புகுந்து எழுதும்போது மட்டும் அதை மறந்துபோகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது மன்னிப்பன்று, கவனிக்க வேண்டிய செய்தி.

இவ்விரு கதைகளும் ‘ஸ்னார்க்’ என்ற தன் பாய்மரப் படகில் அவர் சென்ற கடற்பயணம் தந்தவை. 1907 ஏப்ரலில், இரண்டாம் மனைவி சார்மியனோடு, உலகைச் சுற்றிவர ஏழு ஆண்டு என்ற திட்டத்தோடு புறப்பட்டார். ஏழாயிரம் டாலரில் முடிய வேண்டிய படகு முப்பதாயிரம் தின்றது. கடலுக்குள் போன பிறகுதான், வழி கணிக்கத் தெரியும் என்று வந்தவருக்கு வழி கணிக்கத் தெரியாது என்பது தெரிந்தது. புத்தகத்தைப் பார்த்து லண்டனே கற்றுக்கொண்டு ஹவாயைக் கண்டுபிடித்தார்.

மலைத்தோட்டம்:

நான் இலக்கிய வாசகன் அல்லன். மலைச்சரிவில் விவசாயம் செய்பவன். லண்டனைப் பற்றி நான் முதலில் அறிந்தது விவசாயியாகத்தான் என்பதால் எழுதுகிறேன்.

சோனோமா பள்ளத்தாக்கில் கிளென் எல்லன் ஊருக்கு அருகே 1905 முதல் துண்டு துண்டாக நிலம் வாங்கி, ஏறத்தாழ 1,400 ஏக்கர் பண்ணையாக்கினார். முன்பிருந்தவர்கள் உரமிடாமல் உழுது உழுது சாரமற்றுப்போன சரிவுகள் அவை. கொரியாவில் போர்ச் செய்தி எழுதப் போனபோது பார்த்த படிக்கட்டு வயல்களை நினைவில் வைத்து, இங்கே சரிவுகளைப் படிகளாக வெட்டினார். பசுந்தாள் உரமிட்டு, சாணத்தை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்து, நாற்பது நூற்றாண்டாகச் சீனர்கள் செய்வதையே தானும் செய்வதாக எழுதினார். தீக்குச்சி அவர்கள் எடுத்துக்காட்டிய கட்டுரையும் அதே பயணத்தில் பிறந்ததுதான் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆசிய உழவனிடம் மண்ணைக் கற்றுக்கொண்டவர், அந்த உழவனைக் கண்டே அஞ்சியிருக்கிறார்.

எல்லாம் வெற்றி பெறவில்லை. மர வியாபாரத்தில் பணம் வரும் என்று நம்பிப் பல்லாயிரம் தைலமரக் கன்றுகளை நட்டார். விலைக்குத் தகுந்த மரமாக அது தேறவில்லை. தைலமரத்தை நம்பி நட்டவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனி இரக்கம். நடுவில் தீவனக் கோபுரமும் சுற்றிலும் கல் அறைகளுமாக வட்டமாக அவர் கட்டிய பன்றிப்பட்டி இன்றும் நிற்கிறது. ஒரே ஆள் நடுவில் நின்று எல்லாப் பன்றிகளுக்கும் தீனி வைக்கலாம். ஊரார் அதைப் பன்றி மாளிகை என்று கேலி செய்தார்கள். செம்மரமும் எரிமலைக் கல்லும் கொண்டு தமக்காகக் கட்டிய ‘ஓநாய் மாளிகை’ குடிபுகும் தறுவாயில், 1913 ஆகஸ்டில் ஓரிரவில் எரிந்துபோனது. பொறாமைக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள் என்று நெடுங்காலம் பேசினார்கள். 1995-இல் தீ ஆய்வு வல்லுநர்கள் இடிபாடுகளை ஆராய்ந்து, மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் கோடை வெப்பத்தில் தாமாகப் பற்றியிருக்கக்கூடும் என்று முடிவு கூறினார்கள்.

பனிச்சுவடு:

அருமையான பதிவு. ஏட்டகம் ஐயாவிடம் ஒரு கேள்வி. லண்டன் தற்கொலை செய்துகொண்டார் என்று பல இடங்களில் படிக்கிறேன். சரியா?

ஏட்டகம்:

இறந்தது 1916 நவம்பர் 22, பண்ணை வீட்டில். வயது நாற்பது. இறப்புச் சான்றில் இருப்பது சிறுநீரகக் கோளாறால் இரத்தத்தில் நஞ்சேறியது என்பது. வலிக்காக அவர் மார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தார். அளவு கூடியிருக்கலாம் என்பதிலிருந்து பேச்சு தொடங்கியது. 1938-இல் இர்விங் ஸ்டோன் எழுதிய வாழ்க்கை வரலாறு அதைத் தற்கொலையாகவே நாடெங்கும் பரப்பியது. போதாக்குறைக்கு, ‘மார்ட்டின் ஈடன்’ நாவலில் எழுத்தாளனான நாயகன் புகழின் உச்சியில் கப்பலிலிருந்து கடலில் இறங்கி மூழ்கிவிடுகிறான். வாசகர்கள் நாயகனின் முடிவை ஆசிரியருக்கு எழுதிவிட்டார்கள். சிறுநீரகம் கெட்டுக்கிடந்ததற்கு வேறு காரணங்கள் தாராளமாக உண்டு: பதினைந்து வயதிலிருந்து குடி, தென்கடலில் வந்த தோல்நோய்ப் புண்களுக்குப் பாதரசச் சேர்மத்தைத் தாமே பூசிக்கொண்டது, மருத்துவர் சொன்ன பத்தியத்தை மீறி அரைவேக்காட்டு வாத்துக்கறி உண்டது. தற்கொலை என்று துணிந்து சொல்லச் சான்று போதாது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் நிலை. அவ்வாண்டு மார்ச்சில்தான், வர்க்கப் போராட்டத்தில் கட்சிக்குச் சூடு இல்லை என்று காரணம் கூறிச் சோசலிஸ்டுக் கட்சியிலிருந்து விலகியிருந்தார்.

தீக்குச்சி:

ஐம்பது புத்தகத்தில் எத்தனை தேறும்? நாளுக்கு ஆயிரம் சொல் என்று ஆலைக் கணக்கில் எழுதியவர் என்றால் கழிவும் ஆலை அளவில்தான் இருக்கும் அல்லவா?

உப்பளம்:

இருக்கிறது. என் கணக்கில் ஐந்தாறு நாவல்களும் இருபது சிறுகதைகளும் நிற்கும். பண்ணைக்கும் படகுக்கும் கட்டிய வட்டியாக எழுதியவை பல. இதற்கு என்னைவிடச் சிறந்த சாட்சி ஒருவர் உண்டு. 1924 ஜனவரியில், லெனின் இறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன், மனைவி குரூப்ஸ்கயா அவருக்கு ‘உயிர் ஆசை’ என்ற லண்டன் கதையை வாசித்துக் காட்டினார். மனித அடி படாத பனி வெளியில், பசியால் தவழ்ந்து போகும் ஒரு மனிதனும் அவனைப் போலவே நோயில் சாகக் கிடக்கும் ஓர் ஓநாயும், யார் முதலில் சாவார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே கடலை நோக்கி நகரும் கதை. லெனினுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மறுநாள் அவர் இன்னும் லண்டன் கதை வேண்டும் என்று கேட்டார். அடுத்து அமைந்ததோ, தானியக் கப்பலின் சரக்கை நல்ல விலைக்கு விற்றுத் தருவதாக முதலாளிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒரு கப்பல் தலைவன் உயிரையே விடுகிற கதை. லெனின் சிரித்துவிட்டுக் கையை அசைத்துப் போதும் என்றார் என்று குரூப்ஸ்கயா எழுதியிருக்கிறார்.